மார்செல் யான்கோவிச்சை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அனிமேஷன் கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிஸ்னி, அப்புறம் ஜப்பான், அத்தோடு முடித்துவிட்டீர்களே, மனசு கேட்காமல் எழுதுகிறேன். ஹங்கேரியின் அனிமேஷன் இயக்குநர் மார்செல் யான்கோவிச்சுக்கு ஒரு வரிகூட இல்லை.

1941ல் புடாபெஸ்டில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே அப்பாவை அரசியல் வழக்கில் சிறையில் போட்டு, குடும்பத்தையும் நகரத்தை விட்டு வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? 1960ல் பன்னோனியா என்ற அனிமேஷன் ஸ்டுடியோவில், முக்கியமான இரண்டு ஓவியங்களுக்கு நடுவே வரும் அசைவுகளை வரைகிற ஆளாகச் சேர்ந்தார். 1973ல் ஹங்கேரியின் முதல் முழுநீள அனிமேஷன் படத்தையே இயக்கிவிட்டார். ஹங்கேரியக் கவிஞர் பெட்டோஃபி பிறந்து 150 ஆண்டு ஆனதையொட்டி, அவருடைய நெடுங்கவிதையை வைத்து எடுத்த படம் அது.

முதலில் 'சிசிஃபஸ்' (1974) பாருங்கள். இரண்டு நிமிஷம்தான். வெள்ளைப் பரப்பில் கறுப்பு மை, தூரிகைக் கோடு, வேறொன்றும் கிடையாது. ஒரு மனிதன் பாறையை மலைமேல் தள்ளுகிறான், பாரம் அழுத்த அழுத்த கோடு தடிக்கிறது, சட்டென்று மெலிகிறது, சில நொடிகளில் ஆள் எது பாறை எது என்றே தெரியாமல் நாலைந்து கீற்றாகிவிடுகிறான். இசையும் இல்லை, முனகலும் மூச்சிரைப்பும்தான். பார்த்து முடிக்கும்போது நம் தோள் வலிக்கும். இது ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சிற்பி கல்லைச் செதுக்க, சிலை திருப்பி அவனைச் செதுக்குகிற இன்னொரு குறும்படத்துக்கு 1977ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது கிடைத்தது.

1981ல் வந்த 'வெள்ளைக் குதிரையின் மகன்' அப்படியே நேரெதிர். உருவங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடே இல்லாமல் நிறத்தோடு நிறம் உருகி ஓடும், குதிரை நெருப்பாகும், மரம் உலகமாகும். கதை என்னவோ பாட்டி சொல்லும் கதைதான், மூன்று இளவரசிகளை மீட்கப் போகும் மூன்று சகோதரர்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு தலை நாகம் வானுயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகரமாகவே வந்து நிற்கும் பாருங்கள், அதை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார்.

அப்புறம் 'மனிதனின் துயரம்'. ஹங்கேரிய எழுத்தாளர் மடாச் எழுதிய நாடகத்தை வைத்து எடுத்த படம். 1988ல் வேலை தொடங்கியது, ஹங்கேரியில் கம்யூனிச ஆட்சி மாறியது, பணம் வற்றியது, கைக்குக் கிடைத்ததை வைத்துக் காட்சி காட்சியாக எடுத்து 2011ல்தான் முடித்தார். மனித வரலாற்றின் ஒவ்வொரு காலத்துக்கும் வேறு வேறு ஓவிய பாணி, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். இதையெல்லாம் சிறுவர் பக்கத்தில் ஒதுக்கிவிடாதீர்கள், ஐயா.

2021 மே மாதம், 79 வயதில் அவர் காலமானபோது தமிழில் ஓர் அஞ்சலிக் குறிப்புகூட என் கண்ணில் படவில்லை. அரைப் பக்கம் போதும். கூடவே 'சிசிஃபஸ்' படத்திலிருந்து ஒரு காட்சியையும் பெரிதாக அச்சிடுங்கள். வெறும் கறுப்பு மைதானே, செய்தித்தாளில் நன்றாகவே விழும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்