"புகாரால் ஏற்பட்ட களங்கம்" என்ற வரி குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜலந்தர் கத்தோலிக்க மறைமாவட்ட முன்னாள் ஆயர் (பிஷப்) பிராங்கோ முளய்க்கல் அவர்களின் பணி வாழ்க்கை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1990-ல் குருப்பட்டம், 2009-ல் டெல்லியில் துணை ஆயர், 2013-ல் ஜலந்தர் ஆயர் என்று வரிசையாக எழுதி வந்த கட்டுரையாளர், கேரளத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் ஆயர் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த 2018-க்கு வந்ததும் "புகாரால் திருச்சபைக்கு ஏற்பட்ட களங்கம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். புகாரால் களங்கம் என்றுதான் அச்சாகியிருக்கிறது.

கோட்டயம் நீதிமன்றம் 2022 ஜனவரி 14 அன்று அவரை விடுதலை செய்தது. அது எனக்கும் தெரியும். அரசும் அந்தச் சகோதரியும் மேல்முறையீடு செய்தார்கள். அது உயர்நீதிமன்றத்தின் வேலை. நானோ நீங்களோ தீர்ப்பு எழுத வேண்டாம். நான் கேட்பது வேறு. அந்தச் சகோதரி 2018 ஜனவரியிலேயே போப்பின் தூதருக்குக் கடிதம் எழுதினார். ஜூனில்தான் போலீசுக்குப் போனார். நடுவில் அந்த மாதங்களில் திருச்சபை என்ன செய்தது? செப்டம்பரில் ஐந்து கன்னியாஸ்திரிகள் கொச்சியில் உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் பதாகை பிடித்து உட்கார வேண்டி வந்ததே, அது ஏன்? 20-ஆம் தேதி ரோமாபுரி அவரைப் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக விடுவித்தது, 21-ஆம் தேதி போலீஸ் கைது செய்தது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையில்தான் ஒன்றும் இல்லை.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். என் அப்பா தேயிலை எஸ்டேட் கோவிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். 1989-ல் ஒரு சாயங்காலம், கொழுந்து நிறுத்துவிட்டு நேரே எங்கள் லயத்து வீட்டுக்கு ஓர் அம்மா வந்தார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை, மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொல்லியும் வராமல், அடுப்படி வாசலிலேயே நின்று என் அம்மாவிடம் சொன்னார். பூசைக்கு உதவி செய்யப் போய்க்கொண்டிருந்த அவர் மகன் ஒரு மாதமாகக் கோவில் பக்கமே போக மாட்டேன் என்கிறான். ஏன் என்று அடித்துக் கேட்டபோதுதான், சாமியார் தன்னிடம் தவறாக நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அடித்துவிட்டேனே என்று அவர் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பா அன்று ராத்திரியே தமிழில் நான்கு பக்கம் எழுதினார். ஆயர் இல்லத்தில் தமிழ் படிப்பவர் யாருமில்லை என்றார்கள். மலையாளத்தில் மாற்றி எழுதித் தர பக்கத்து எஸ்டேட் வாத்தியார் ஒருவரைப் பிடித்தோம். அவர் கை நடுங்கியது. அப்பா எழுதிய சொற்களை எழுத முடியாது என்று "சில அசௌகரியங்கள்" என்று போட்டார். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. பதில் இரண்டே வரி: கடிதம் கிடைத்தது, ஜெபியுங்கள். மூன்று மாதம் கழித்துச் சாமியாருக்கு மாற்றல் வந்தது. வேறு ஊரில் வேறு பங்குக் கோவில். பிரிவு உபசார விழாவில் வாழ்த்து மடலை அப்பாவையே வாசிக்க வைத்தார்கள். பதினாறு வயதில் நான் பாட்டுக் குழுவில் நின்று பாடினேன். அந்த அம்மாவும் பையனும் வரவில்லை. அடுத்த வருடம் குமுளி இறங்கிக் கம்பம் பக்கம் போய்விட்டார்கள். போன புது ஊரில் இன்னொரு பையன் இருந்திருப்பானே என்ற நினைப்பு அப்பாவைச் சாகும்வரை விடவில்லை. ஐயா, இதில் களங்கம் எதனால் வந்தது? அந்த அம்மா வாய் திறந்ததாலா?

2016-ல் ஒரு கடிதம் எழுதினேன், தாங்கள் போடவில்லை. ஊட்டி மறைமாவட்டப் பாதிரியார் ஒருவர் அமெரிக்காவின் மினசோட்டாவில், சிறுமிக்குச் செய்த குற்றத்தை நீதிமன்றத்திலேயே 2015-ல் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். அடுத்த வருடமே அவர் மீதான இடைநீக்கம் விலக்கப்பட்டது. வத்திக்கானைக் கேட்டுத்தான் செய்தோம் என்றார்கள். நம் தமிழ் மறைமாவட்டத்தில் நடந்தது இது. அதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை.

பேசியவர்களுக்கு மட்டும் தண்டனை உடனே வந்துவிடுகிறது. கொச்சியில் உட்கார்ந்த சகோதரிகளுக்கு 2019 ஜனவரியில் ஆளுக்கொரு திசையில் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்களுக்கு ஆதரவாகப் போன சிஸ்டர் லூசி களப்புரயை அதே ஆண்டு ஆகஸ்டில் அவருடைய சபை வெளியேற்றியது. கார் வாங்கியதும் கவிதைப் புத்தகம் போட்டதும்கூட அவர் மீது சொல்லப்பட்ட குற்றங்கள். ஆயர் 2023 ஜூனில் விலகியபோதோ, இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல, மறைமாவட்டத்தின் நன்மைக்காக என்று போப்பின் தூதரகம் விளக்கம் கொடுத்தது. அவர் பெயருக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அவ்வளவு கவனம். அந்தச் சகோதரிகளுக்காக அப்படி ஒரு வரி யாராவது எழுதினார்களா?

அப்புறம், கன்னியாஸ்திரி சிஸ்டர் அபயா. 1992-ல் கோட்டயத்தில் கிணற்றிலிருந்து எடுத்தார்கள், தற்கொலை என்றார்கள். கொலை என்று கீழ்க்கோர்ட் சொல்லவே 2020 டிசம்பர் ஆயிற்று. அதன் மேல் போன மேல்முறையீடும் போகட்டும், அத்தனை வருடம் அவருடைய பெற்றோர் எந்தக் கோவிலில் போய் நின்று ஜெபித்திருப்பார்கள்? இருவரும் தீர்ப்பைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

நான் திருச்சபையை விட்டவள் இல்லை. ஞாயிறு பூசைக்கு இன்றும் போகிறேன், அம்மா பெயரில் வரும் சந்தாவை நான்தான் கட்டுகிறேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

தங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. புகாரைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஏற்பாடு வேண்டும் என்று போப் பிரான்சிஸும் 2019-ல் சட்டம் போட்டார். எங்கள் கோவில் நோட்டீஸ் பலகையில் கல்யாண ஓலை உண்டு, கல்லறைக் கட்டண விவரம் உண்டு. இந்தச் சட்ட விவரத்தை மட்டும் காணோம். ஆகவே, தங்கள் இதழில் ஜெப வேண்டுதல்கள் வரும் பக்கத்தின் அடியில், மாதாமாதம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் இந்தச் சட்ட விவரத்தையும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். தமிழிலேயே போடுங்கள். எஸ்டேட் பெண்கள் யாரையும் கெஞ்சி மொழிபெயர்க்காமல் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.