வலி இல்லாததுதான் ஏமாற்றியது

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்திய விவரமெல்லாம் படித்து மனசு நிறைந்தது. வர முடியாத வருத்தம் எனக்கும் உண்டு. அன்றைக்கு வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு கட்டிலில் கிடந்தேன்.

உனக்கும் அடுத்த மாதம் கிளகோமா, அதாவது கண் அழுத்த நோய்க்கு, ஆபரேஷன் என்கிறாய். "முடிந்த மறுநாளே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த அவசரக் கடிதம்.

எனக்குச் செய்ததும் அதே டிராபெகுலெக்டமிதான். கண்ணுக்குள் தேங்கும் நீர் வடிய மேல் இமைக்கு அடியில் வாய்க்கால் மாதிரி ஒரு வழி வைக்கிறார்கள். நீர் அங்கே கொப்புளமாகத் தங்கி மெல்ல உறிஞ்சப்படும். டாக்டர்கள் பிளெப் என்று சொல்வது அந்தக் கொப்புளத்தைத்தான். வழி அடைத்தால் அழுத்தம் ஏறும், அதிகமாக வடிந்தால் இறங்கும். எனக்கு இறங்கிவிட்டது.

எட்டாம் நாள் காலையில் காலண்டர் எழுத்து கலங்கித் தெரிந்தது. கன்னத்தில் வெதுவெதுப்பாக நீர் வழிந்தபடி இருந்தது. வலி துளியும் இல்லை. வலித்திருந்தால் ஓடியிருப்பேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், தப்பு என்னுடையதுதான். போனபோது அழுத்தம் 4. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும். டாக்டர் சாயம் தோய்ந்த காகிதத் துண்டால் கண்ணைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். திரையில் என் பையனும் பார்த்தான். தையல் ஓரத்திலிருந்து மெல்லிய ஓடையாக நீர் இறங்கியதாம். இப்படியே விட்டால் விழித்திரையில் சுருக்கம் விழுந்து பார்வை கெடும் என்றார் டாக்டர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதுபோல் பெரிய கான்டாக்ட் லென்ஸ் ஒன்றை வைத்து, கண்மணியை விரிக்கும் அட்ரோபின் சொட்டும் கொடுத்தார். பத்து நாளில் அழுத்தம் 9. பிறகு ஒருமுறை 23க்கு ஏறி, நீர் இன்னும் கொஞ்சம் வடியட்டும் என்று லேசரால் ஒரு தையலை வெட்டிவிட்டார்கள். இப்போது 12.

அதனால் முதல் ஒரு மாதமாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இரு. குனிந்து குடம் தூக்காதே, கண்ணைக் கசக்காதே, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள், முக்கினாலும் கண்ணுக்கு ஆகாது. ஸ்டீராய்டு சொட்டை நீயாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இன்னொன்று, அந்தக் கொப்புளத்தின் சுவர் மெல்லியது. வருஷங்கள் கழித்துக்கூடக் கிருமி நுழையலாம். கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், பீளை தள்ளினால், பார்வை மங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போ. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு வாங்கிப் போட்டுச் சமாளிக்காதே.

போன பார்வை திரும்பாது என்று உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அதை ஏற்றுக்கொள்ள ரொம்ப நாள் ஆனது. வலப்பக்கம் யாராவது வந்து நின்றால் இன்னும் திடுக்கிடுகிறேன். உன் தம்பியையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல். கூடப்பிறந்தவர்களுக்கும் வரக்கூடிய நோய் இது.

தேதி முடிவானதும் போன் பண்ணு. முதல் வாரம் நான் வந்து கூட இருக்கிறேன். ராத்திரி அந்த மூடியைப் பிளாஸ்திரி போட்டு ஒட்ட ஒரு ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்