ஏற்காடு பஸ் டிரைவர் அண்ணனுக்கு

வணக்கம் அண்ணா.

சனிக்கிழமை காலை உங்கள் பஸ்ஸில், உங்கள் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவன் நான். பாதி மலை ஏறியிருப்போம். மேலிருந்து வந்த சுற்றுலா வேன் ஒன்று கொண்டை ஊசி வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டது. "அவனே திருப்பிக்கட்டும்" என்று நீங்கள் இன்ஜினை அணைத்துவிட்டீர்கள். சத்தம் அடங்கியதும் பாறைச் சரிவிலிருந்து ஒரு குரல். நான் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்தியதைக் கண்ணாடியில் பார்த்து, "என்ன தம்பி, பாம்பா?" என்றீர்கள். பதில் சொல்வதற்குள் வழி கிடைத்து, கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

பாம்பு இல்லை அண்ணா. மஞ்சள்தொண்டைச் சின்னான்.

நம் ஊர்க் கொண்டைக்குருவிக்குச் சொந்தம்தான், ஆனால் இதற்குக் கொண்டை கிடையாது. அரைத்த மஞ்சளைத் தலையிலும் தொண்டையிலும் பூசி மார்போடு நிறுத்தியதுபோல இருக்கும். மார்பு சாம்பல் நிறம், வாலடியில் மறுபடி மஞ்சள். உண்ணிச்செடியில் உட்கார்ந்து கறுத்த பழம் ஒன்றைப் பறித்து விழுங்கியது. அலகில் ஒட்டிய தோலைக் கிளையில் இந்தப் பக்கம் ஒரு தேய், அந்தப் பக்கம் ஒரு தேய். அப்புறம் பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

இதற்காக எத்தனையோ விடியல் அடிவாரத்துப் பாறைகளில் குந்தியிருக்கிறேன். புதர் அசையும், எட்டிப் பார்த்தால் வெண்புருவச் சின்னான். அதற்கும் அதே புதர், அதே கூச்சம், வாலடியில் அதே மஞ்சள். ஆளை ஏமாற்றவே பிறந்தது!

மஞ்சள்தொண்டையான் உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் உண்டு. அதிலும் முள்ளும் பாறையுமான மலைச்சரிவுதான் அதற்குப் பிடித்த இடம். மேலே காபித் தோட்டத்து நிழலில் தேடிப் பயனில்லை. அழியும் அபாயத்தில் உள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. கல் குவாரி ஒரு முக்கியக் காரணம். பெரிய மரத்தை வெட்டினால் நாலு பேராவது கேட்பார்கள். முட்புதரை வழித்தெடுத்தால் 'இடம் சுத்தமாச்சு' என்று சந்தோஷப்படுகிறோம்.

தினமும் அந்த வழியில் போய்வருபவர் நீங்கள். அந்தச் சரிவில் பொக்லைன் நிற்பதைப் பார்த்தால், அடிவாரம் செக்போஸ்ட்டில் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். எதிர் வண்டிக்காக மறுபடி நிற்க நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வலப்பக்கம் பாருங்கள்.

கண்டக்டர் அண்ணனிடம் மீதிச் சில்லறை வாங்காமலே இறங்கிவிட்டேன். டீ குடிக்கச் சொல்லுங்கள்.