பள்ளி மழைநீர்த் தொட்டி: திருப்பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் நாம் எடுத்துக்கொண்ட தொடக்கப் பள்ளி மழைநீர்த் தொட்டிப் பணி முடிந்துவிட்டது. 20,000 லிட்டர் கொள்ளும் தொட்டி, கூரையிலிருந்து அதற்கு இறங்கும் குழாய்கள், வடிகட்டி, பிள்ளைகள் குடிக்கக் குழாய் வரிசை, சமையற்கூடத்துக்குத் தனி இணைப்பு எல்லாம் பள்ளியிடம் ஒப்படைக்கப்பட்டன. ஐப்பசி மழையில் தொட்டி நிறைந்து, இப்போது அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். வாராந்திரக் கூட்டங்களில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதித் தரும்படி பலரும் கேட்டீர்கள். பெங்களூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு பணம் அனுப்பிய உறுப்பினர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

இந்த வேலைக்கு வித்து ஒரு வாராந்திரக் கூட்டத்தில் விழுந்தது. தண்ணீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பேச அழைத்திருந்தோம். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு இரண்டு கண்ணாடிக் குழாய்களை மேசைமேல் வைத்தார். ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீர், அதாவது போர்த் தண்ணீர். இரண்டிலும் சோதனை மருந்தைச் சொட்டுவிட்டார். முதலாவது இளஞ்சிவப்பாகவே நின்றது, இரண்டாவது மஞ்சளுக்குப் போனது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளூரைடு என்ற உப்பு கூடக் கூட நிறம் அப்படி மாறும் என்றார். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளூரைடு இருக்கலாம்; வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பும் 1.5தான். பிறகு முறையாக ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தபோதும் அந்தப் போர்த் தண்ணீர் 1.5ஐத் தாண்டியே இருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தாலே 'தர்மபுரிப் பக்கமா?' என்று வெளியூரில் கேட்பார்கள். பல பேருக்குத் தெரியாதது அதன் காரணம். இங்கே நிலத்துக்கடியில் இருப்பது கருங்கல், நைஸ், சார்னோக்கைட் போன்ற கடும்பாறை. அந்தப் பாறைகளில் உள்ள சில கனிமங்களில் ஃப்ளூரைடு இருக்கிறது. பாறை வெடிப்புக்குள் தண்ணீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்கு அது கரைந்து இறங்கும். மழை பொய்த்து, போரை ஆழப்படுத்திக்கொண்டே போனால் நீண்ட காலம் பாறையோடு கிடந்த தண்ணீர்தான் மேலே வருகிறது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடவே செய்யும். எட்டு வயதுக்குள், நிலையான பற்கள் உள்ளே உருவாகும் பருவத்தில், இந்தத் தண்ணீர் தொடர்ந்து உள்ளே போனால் பல்லில் விழும் கறை பிறகு எதைத் தேய்த்தாலும் போகாது. அளவு மிக அதிகமாக இருந்து பல ஆண்டுகள் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த வயதுக் கணக்குதான் காரணம்.

காவிரித் தண்ணீர்தான் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு மழைத்தொட்டி என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைக்கவென்றே ஜப்பானியக் கடனுதவியோடு வந்தது. 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில், 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் தொடங்கிவைத்த அந்தத் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் பெரிய வரம். இந்த ஊருக்கும் அந்தத் தண்ணீர் வருகிறது. ஆனால் மின்தடை, குழாய் உடைப்பு என்று ஏதாவது வந்து அது நின்றுபோகும் நாளில் மேல்நிலைத் தொட்டிக்குப் பழைய போர்த் தண்ணீர்தான் ஏற்றப்படுகிறது. இன்றைக்கு வருவது எந்தத் தண்ணீர் என்று பார்த்தா பிள்ளை வாய் வைக்கும்? காலை உணவு, மதிய உணவு இரண்டும் பள்ளியிலேயே சமைப்பதால் சோற்றிலும் சாம்பாரிலும் சேர்ந்து அதே தண்ணீர்தான் உள்ளே போகிறது. அந்த நாட்களுக்கு ஒரு மாற்று வேண்டும் என்பதே நம் எண்ணம்.

எந்த மாற்று என்பதில்தான் நமக்குள் நெடுநாள் பேச்சு நடந்தது. ஒரு தனியார் நிறுவனம் தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்திச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றை இலவசமாகவே தருவதாகச் சொன்னது. வாங்கிக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். குழு வேண்டாம் என்றதற்குக் காரணங்களை இங்கே பதிவு செய்கிறோம். அந்த இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தருவதற்கு அதைவிடக் கூடுதலான தண்ணீரைக் கழிவாகத் தள்ளும், பிரித்தெடுத்த ஃப்ளூரைடு முழுவதும் அந்தக் கழிவில் சேர்ந்து மறுபடியும் அதே மண்ணில்தான் இறங்கும். மின்சாரம் இல்லையென்றால் வேலை செய்யாது. சவ்வும் வடிகட்டியும் காலத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஆள் நகரத்திலிருந்து வர வேண்டும், பணத்தைப் பள்ளி தேட வேண்டும். சவ்வு மாற்ற முடியாமல் துணி போர்த்தி மூலையில் நிறுத்திவைத்த இயந்திரங்களை நம் உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளில் பார்த்திருக்கிறார்கள். பழுதானால் ஊர்க் கொத்தனாரே சரிசெய்யக்கூடிய ஒன்றைத்தான் நாம் கட்ட வேண்டும் என்று குழு கருதியது. இந்த ஒரு தீர்மானத்திலிருந்துதான் மற்ற எல்லா முடிவுகளும் வந்தன.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். பள்ளியின் கான்கிரீட் கூரை 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், ஆக 96 சதுர மீட்டர். ஆவியாவதும் சிதறுவதும் முதல் மழையைக் கழித்துவிடுவதுமாக ஐந்தில் ஒரு பங்கு போனாலும், ஒரு மில்லிமீட்டருக்கு 77 லிட்டர் வரும். 260 மில்லிமீட்டர் மழைக்குத் தொட்டி நிறைந்துவிடும். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் பெய்கிறது என்பதால் அது பெரிய எதிர்பார்ப்பு இல்லை. பள்ளியில் 60 பிள்ளைகள். குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 3 லிட்டர் என்றால் நாளுக்கு 180 லிட்டர். நிறைந்த தொட்டி 111 பள்ளி நாட்களுக்கு வரும். கார்த்திகையில் தொட்டி நிறைந்திருந்தால் தை, மாசி, பங்குனியின் வறட்சியைத் தாண்டிச் சித்திரை விடுமுறை வரை வேறு தண்ணீர் தேவைப்படாது.

தரைக்குள் தொட்டி வைக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தோம். இரண்டடி தோண்டியதுமே பாறை தட்டியது. பள்ளிக்கூட வளாகத்தில் வெடி வைப்பதற்குக் குழுவில் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. பாறை இருந்ததும் ஒருவகையில் நல்லதுதான். நிறைந்த தொட்டியின் தண்ணீர் மட்டுமே 20 டன் கனம். அதைத் தாங்க இதைவிட நல்ல அடித்தளம் எங்கே கிடைக்கும்? ஆகவே பாறைமேலேயே 4 மீட்டர் விட்டத்தில் ஃபெர்ரோசிமெண்ட் தொட்டி எழுந்தது. கம்பிக் கூடு கட்டி, அதன்மேல் கோழி வலையைச் சுற்றி, இரண்டு பக்கமும் சிமெண்ட் கலவையை அழுத்திப் பூசுகிற முறை இது. சுவர் மெல்லியதாக இருக்கும், ஆனால் வலை உள்ளே இருப்பதால் எளிதில் பிளக்காது. கீறல் விட்டாலும் கொத்திவிட்டு மறுபடியும் பூசிவிடலாம்.

இதைக் கட்ட ஆள் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. நம் மாவட்டத்துக் கொத்தனார்கள் நிறையப் பேர் பெங்களூரில் இருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத் தொட்டிக்காக வருவது சுலபமில்லை. ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்த உள்ளூர் மேஸ்திரி ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னோம். "நான் படிச்ச பள்ளிக்கூடம் சார், முடிச்சுட்டுத்தான் திரும்பிப் போவேன்" என்றார். சொன்னபடியே இருந்தார். வலையைக் கட்டும்போது ஒரு இடத்தில்கூடத் தொய்வு விடவில்லை. பூச்சு முடிந்ததும் கோடை வெயிலில் வெடிக்காமல் இருக்க இரண்டு வாரம் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் காட்ட வேண்டும். அந்தத் தண்ணீரைத் தன் விவசாயக் கிணற்றிலிருந்து குழாய் போட்டுக் கொடுத்தவர் பக்கத்துத் தோட்டக்காரர். வேலைக்கு வந்த சித்தாள்கள் இருவரும் அந்தப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தாய்மார்கள். இவர்கள் எல்லாருக்கும் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

கூரைமேல் ஒரு பழைய புளியமரம் சாய்ந்திருந்தது. இலையும் பூவும் பறவை எச்சமும் விழுந்தால் தண்ணீர் கெட்டுவிடும். மரத்தையே வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னபோது ஊர்ப் பெரியவர்கள் மறுத்தார்கள். நாங்களும் அவர்கள் பக்கம்தான். கூரையைத் தொடும் கிளைகளை மட்டும் கழித்தோம். அதோடு முதல் மழைத் தண்ணீர் தொட்டிக்குள் போகாமல், தனியாக ஒரு நெடுங்குழாயில் நின்று வெளியேறும்படி வைத்திருக்கிறோம். அதைத் தாண்டி வருவது ஜல்லி, கரி, மணல் என்று மூன்று அடுக்கு வழியாக இறங்கும். தொட்டிக்குள் வெளிச்சம் போகாதபடி மூடியிருக்கிறோம், பாசி பிடிக்காது. டெங்கு கொசு உள்ளே போய் முட்டை வைக்காமலிருக்க எல்லாத் திறப்புகளிலும் மெல்லிய வலை கட்டியிருக்கிறது.

கட்டுவதைவிடக் கடினமாக இருந்தது பெற்றோரைச் சம்மதிக்க வைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மழைத் தண்ணியக் குடிச்சா புள்ளைங்களுக்குச் சளி புடிக்காதா?" என்றார். நாங்கள் வாய் திறப்பதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் பதில் சொல்லிவிட்டார். "வேட்டிய நாலு குச்சியில கட்டி, நடுவுல கல்லப் போட்டு, கீழ குடத்த வச்சுப் புடிச்ச தண்ணியத்தான் குடிச்சு வளந்தோம். யாருக்கு சளி புடிச்சுது?" அதற்குப் பிறகு எதிர்ப்பு எழவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சை மட்டும் நம்பிவிடாமல், ஃப்ளூரைடுக்கும் கிருமிக்கும் தண்ணீரைச் சோதித்து, முடிவைப் பள்ளிச் சுவரில் ஒட்டிய பிறகே குழாயைத் திறந்தோம்.

பிள்ளைகள் முதலில் 'சப்புனு இருக்கு' என்றார்கள். இவ்வளவு நாள் உப்பும் கனமுமான தண்ணீருக்குப் பழகிய நாக்கு அப்படித்தான் சொல்லும். இரண்டொரு வாரத்தில் அந்தப் பேச்சு நின்றது. எங்களுக்கு அதிகம் மகிழ்ச்சி தந்தது சமையலக்கா சொன்னது. போர்த் தண்ணீரில் வேகாமல் முரண்டு பிடித்த பருப்பு இப்போது சீக்கிரம் குழைகிறதாம், கேஸும் மிச்சமாகிறதாம். அவர் இப்போது சமையலுக்கு இந்தக் குழாயைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

இந்தத் தொட்டி எதைச் செய்யாது என்பதையும் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பல்லில் ஏற்கெனவே விழுந்த கறை இதனால் மாறாது. வீட்டில் குடிக்கும் தண்ணீர் இன்னும் பழைய நிலைதான். பள்ளிக்கு வரும் சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளின் பெரும்பகுதித் தண்ணீரும் இரண்டு வேளைச் சாப்பாடும் நல்ல தண்ணீரில் கிடைக்கிறது. அவ்வளவுதான் நாம் இப்போது செய்திருப்பது. அந்த அளவுக்குச் செய்ததைப் பெரிதாகவே நினைக்கிறோம்.

வரவு செலவு: உறுப்பினர்கள் கொடுத்தது 1,65,000 ரூபாய். சங்கப் பொதுநிதியிலிருந்து 50,000. ஊர்க்காரர்கள் தாங்களாகவே வசூலித்துத் தந்தது 25,000. மொத்தம் 2,40,000. செலவில் சிமெண்ட், கம்பி, வலை, மணல் வகையில் 1,05,000, கூலி 62,000, குழாய், வடிகட்டி, இணைப்புகள் 31,500, வண்டி வாடகையும் இடம் சீர்செய்ததும் 9,000, தண்ணீர்ச் சோதனை, பெயர்ப்பலகை, சில்லறைச் செலவு 8,500. ஆக 2,16,000. கையிருப்பு 24,000. எல்லா ரசீதுகளும் பொருளாளரிடம் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் சங்கத்தின் பெயரும் 'ஊர் மக்கள்' என்பதும் மட்டும்தான் இருக்கும். கூடுதலாகக் கொடுத்தவர்கள் யாரும் தங்கள் பெயரைக் கேட்கவில்லை, அந்தப் பெருந்தன்மையைக் குழு மறக்காது.

பராமரிப்புக்கும் ஏற்பாடு செய்தாகிவிட்டது. மழைக்காலத்துக்கு முன் கூரையைக் கூட்டுவதும், முதல் மழைக் குழாயைத் திறந்துவிடுவதும், குளோரின் அளவு பார்ப்பதும் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் பொறுப்பில். பிள்ளைகளைக் கூரைமேல் ஏற்றக் கூடாது என்பதை ஒப்படைப்புக் கடிதத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறோம். வடிகட்டி மணலை ஆண்டுக்கொரு முறை கழுவி மாற்ற வேண்டும், தண்ணீரையும் ஆண்டுக்கு இரண்டு முறை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். இந்தச் செலவுக்குக் கையிருப்பு 24,000 ரூபாயைத் தொட்டியின் பெயரிலேயே தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று குழு கேட்டுக்கொள்கிறது. வேறு பணிக்கு அதை எடுக்கக் கூடாது. வரும் வாரக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம், உறுப்பினர்கள் தவறாமல் வந்து கருத்துச் சொல்ல வேண்டும். தொட்டியை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அன்றைக்கே செயலாளரிடம் பெயர் கொடுத்தால், அடுத்து வரும் பள்ளி வேலைநாள் ஒன்றில் சேர்ந்து போய்வர வண்டி ஏற்பாடு செய்யப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு