கோடையில் நிமிர்ந்து நிற்கும் மண்

நீலகிரியில் சாலைக்கும் கட்டடத்துக்கும் மலைச்சரிவை வெட்ட அனுமதி தரும் அதிகாரிகளுக்கும், அந்த வேலையை மேற்பார்வை பார்க்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் இடத்தைப் பார்வையிட வருவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். மழை ஓய்ந்து பாதை காய்ந்திருக்கும், வேலை தொடங்கவும் தோதான காலம். பொக்லைன் வெட்டிய இடத்தில் மண் இருபது அடிக்குச் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். நகத்தால் கீறினாலும் உதிராது. "கெட்டி மண், ஒன்றும் ஆகாது" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே மண் நவம்பரில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் வேறு குணத்தோடு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் குன்னூர் பக்கம் பிறந்தவள். வேளாண்மைக் கல்லூரியில் மண்ணியல் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து, அப்பா விட்டுப்போன தேயிலையைப் பார்த்துக்கொள்கிறேன். படித்ததும் பார்த்ததும் ஒன்று சேர்ந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

இந்த மலையின் அடிப்பாறை சார்னோகைட். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையான, இரும்பு போன்ற பாறை. அவ்வளவு கெட்டியான பாறையையும் காலங்காலமாக மழை ஊறி ஊறி மக்கவைத்திருக்கிறது. கரையக்கூடிய உப்புகளெல்லாம் ஓடையோடு போய்விட்டன. மிஞ்சியது கெயோலினைட் என்ற களியும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும். மண் சிவந்திருப்பது அந்த இரும்பால்தான். அதற்கும் கீழே இருப்பது மக்கிய பாறை. பழைய பாறையின் வரிகள் அதில் அப்படியே தெரியும், மஞ்சளும் வெள்ளையும் செம்மையுமாக. பார்க்கப் பாறைதான், கையில் எடுத்து அழுத்தினால் பொடியாகிவிடும். சில இடங்களில் இந்த மக்கிய அடுக்கு பத்து மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. நீங்கள் வெட்டும் சரிவு பெரும்பாலும் இந்த இரண்டு அடுக்குகளையும் சேர்த்துத்தான் வெட்டப்படுகிறது.

களி என்றால் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா மாதிரி தள்ளிப் பாருங்கள். எவ்வளவு நீளத்துக்கு அறுபடாமல் வருகிறதோ அவ்வளவு களி. எங்கள் தோட்டத்து அடிமண் விரலைத் தாண்டித் தொங்கும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. கோத்தர் பழங்குடிப் பெண்கள் பானைக்கு மண் எடுக்கும்போது கையாலேயே சோதித்து, ஆகும் மண்ணையும் ஆகாத மண்ணையும் பிரித்துவிடுவார்கள்.

காய்ந்த வெட்டு ஏன் நிமிர்ந்து நிற்கிறது? கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் கோட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். துகள்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. காய்ந்த மணலுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, தண்ணீரில் மூழ்கிய மணலுக்கும் கிடையாது. மேலே காய்ந்து உள்ளே பாதி ஈரமாக இருக்கும் மலைமண்ணில் இதே பிடிப்பு இன்னும் பலமாக இருக்கும், ஏனென்றால் களியின் துளைகள் மிகச் சிறியவை. தொடர் மழையில் அந்தத் துளைகள் நிரம்பியதும் இழுத்துப் பிடித்த விசை போய்விடும். அப்புறம் நடப்பது நேர் எதிர். நிரம்பிய நீர் துகள்களை உள்ளிருந்தே விலக்கித் தள்ளும், மண்ணின் எடையும் கூடும். மேலிருந்து வேகமாக இறங்கும் நீர், தன்னை மெதுவாகவே விடும் அடுக்கை எட்டியதும் அங்கே தேங்கும். வழுக்குவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். வெட்டியபோது சரிவின் அடிப்பகுதியை எடுத்துவிட்டோம் என்பதால், வழுக்குவதைத் தாங்கக் கீழே எதுவும் இருக்காது.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. குன்னூர், கேத்தி, ஊட்டிச் சுற்றுவட்டாரத்தில் சரிந்த மண்ணில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.யைத் தாண்டியது. இப்படிப்பட்ட மழை இனி வராது என்று யாரும் எழுதித்தர முடியாது.

அப்படியானால் சோலைக்காட்டுக்குள் இதே களிமண் எப்படி இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெயருக்குக் களிமண், ஆனால் சோலையில் மழை பெய்யும்போது தண்ணீர் மேலே ஓடுவதைப் பார்ப்பது அரிது. இரும்பு ஆக்சைடும் மக்கிய இலையும் களித்துகள்களை ஒட்டிச் சிறு சிறு உருண்டைகளாக்கி வைத்திருக்கின்றன. உருண்டைகளுக்கு நடுவே அகலமான வழி, அதில் நீர் மணலில் இறங்குவது போல இறங்கும். உருண்டைக்கு உள்ளே நுண்ணிய துளைகள், அங்கே நீர் தங்கும். ஏப்ரலில் ஓடை வற்றாமல் கசிவது இந்தச் சேமிப்பிலிருந்துதான். மேல்மண்ணைக் கையில் எடுத்தால் கறுப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். 2000 மீட்டருக்கு மேலே உள்ள சில இடங்களில் அது எரிமலை மண்ணின் குணத்தையே காட்டுகிறது. நீலகிரியில் எரிமலை கிடையாது. அலுமினியமும் மக்கும் பொருளும் பிணைந்தே அந்தக் குணம் வந்திருக்கிறது என்று மண்ணியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இது தன் எடைக்கு மீறித் தண்ணீரைப் பிடிக்கும். ஆனால் திறந்த வெயிலில் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், பழைய மாதிரி நீரை ஏற்காது.

சத்து எல்லாம் அந்தக் கறுப்பு அடுக்கில்தான். கெயோலினைட்டால் சத்தை அதிகம் பிடித்துவைக்க முடியாது, கீழே உள்ள சிவப்பு மண் பாஸ்பரஸைப் போட்டால் போட்ட கையோடு பூட்டிவைத்துக்கொள்ளும். மேலே உள்ள ஓர் அடியை வழித்து ஓடையில் கொட்டிவிட்டு, பிறகு மரக்கன்று நட்டோம் என்று சொன்னால், கன்று எதைத் தின்று வளரும்? பொக்லைன் ஏறி இறங்கிய இடத்தில் அந்த உருண்டைகள் நசுங்கிப் பூச்சு மாதிரி ஆகிவிடுகின்றன. நீர் இறங்காது, மேலே ஓடி அடுத்த வீட்டுக்காரரின் சரிவை அறுக்கும்.

காடு இருந்தால் மலை சரியவே சரியாது என்று நான் சொல்லவரவில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நடந்த சரிவு, மேலே ஆளில்லாத காட்டுச் சரிவில்தான் தொடங்கியது. செங்குத்தான சரிவும் அளவு மீறிய மழையும் சேர்ந்தால் வேரும் தாங்காது. அதனால்தான், நம் கையில் இருப்பதையாவது ஒழுங்காகச் செய்யவேண்டும் என்கிறேன்.

எங்கள் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு வெட்டு. வெட்டியவர்கள் தடுப்புச் சுவரும் கட்டினார்கள், நல்ல தடிமனான சுவர். நீர் வெளியேற ஒரு துளை இல்லை. சுவருக்குப் பின்னால் ஜல்லியும் போடவில்லை, வெட்டிய களியையே திரும்ப அடைத்தார்கள். சித்தப்பா இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் வயிறு தள்ளியது, ஒரு விடியற்காலையில் சமையலறைக்குள் வந்து விழுந்தது. சித்தி அன்றைக்கு வெந்நீர் வைக்கத் தாமதமாக எழுந்தார், அவ்வளவுதான். அந்தச் சுவரைத் தள்ளியது வழி கிடைக்காத தண்ணீர்.

எனவே கேட்பது இதுதான். அனுமதிக்கு முன் ஒருமுறையாவது மழைக்காலத்தில் வந்து பாருங்கள். கிழக்குப் பக்கம், அதாவது குன்னூர், கோத்தகிரி என்றால் அக்டோபர், நவம்பர். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் என்றால் ஜூலை, ஆகஸ்ட். வெட்டப்போகும் உயரத்துக்கு ஏற்ற ஆழத்தில் ஒரு குழி எடுக்கச் சொல்லுங்கள். எந்த அடுக்கில் நீர் கசிகிறது என்று அந்தக் குழியே காட்டிவிடும். சுவருக்கு அனுமதி கொடுக்கும்போது வரைபடத்தில் நீர்த்துளையும் பின்னால் கல் நிரப்புதலும் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். சில சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை சரிவில் நீளமான இரும்புக் கம்பிகளை ஆணி போல இறக்கிப் புல் வளர்த்திருப்பதைப் பார்க்கிறேன், நல்ல வேலை. அதிலும் மேலிருந்து வரும் நீருக்குத் தனி வடிகால் வேண்டும். கறுப்பு மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மூடிவைத்து, வேலை முடிந்ததும் அங்கேயே பரப்பச் சொல்லுங்கள். வெட்டுக்கு மேலே சிறு சோலைத் துண்டு ஏதாவது இருந்தால், அதைக் "காலி இடம்" என்று எழுதவேண்டாம்.

மாவட்டத்தில் சரிவு அபாயம் உள்ள இடங்கள் 283 என்று நிர்வாகம் பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத இடத்திலும் மண் இதே மண்தான்.

வரும் நவம்பரில், இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள பழைய வெட்டுக்கு வாருங்கள். சிவப்பு மண் முடிந்து வரிப்பாறை தொடங்கும் இடத்தில் ஒரு விரல்கடை அகலத்துக்கு நீர் கசிந்துகொண்டிருக்கும். அதைத் தொட்டுப் பாருங்கள். குடையும் ரப்பர் பூட்ஸும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
குன்னூர் அருகிலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி