கோகோலுக்கும் செகாவுக்கும் நடுவில் ஒருவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரஷ்ய நாடகம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோகோலைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அடுத்த பத்தியிலேயே செகாவ் வந்துவிடுகிறார். நடுவில் அரை நூற்றாண்டு விட்டுப்போய்விட்டது. அந்தக் காலத்தில் ரஷ்ய மேடையை ஏறக்குறைய ஒற்றை ஆளாகச் சுமந்தவர் அலெக்சாந்தர் ஒஸ்திரோவ்ஸ்கி. 47 நாடகங்கள் எழுதியவர். அவர் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

பெயரைச் சொன்னதும் நம் வாசகர்களுக்கு 'வீரம் விளைந்தது' நாவல்தான் ஞாபகம் வரும். அதை எழுதியவர் நிக்கோலாய் ஒஸ்திரோவ்ஸ்கி, 1904இல் பிறந்தவர். நான் சொல்பவர் 1823இல் மாஸ்கோவில் பிறந்து 1886இல் இறந்துபோனவர். இரண்டு பேரும் வேறு வேறு.

நான் முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒஸ்திரோவ்ஸ்கியும் நீதிமன்ற எழுத்தர்தான். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1843இல் வேலைக்குப் போனார். முதலில் அப்பா பிள்ளை தகராறு போன்ற குடும்ப வழக்குகள் வருகிற நீதிமன்றம். அப்புறம் வணிக நீதிமன்றம், அங்கே ஆரம்பச் சம்பளம் மாதம் 4 ரூபிள். மாஸ்க்வா ஆற்றுக்குத் தெற்கே வியாபாரிகள் வாழ்ந்த பகுதியில் வளர்ந்தவர். அப்பா வழக்குகள் நடத்தியவர் என்பதால் கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து போவார்கள். எட்டு வருடம் ஒஸ்திரோவ்ஸ்கி வழக்குக் கட்டுகளைப் புரட்டினார், மனுக்களைப் படி எடுத்தார், வாசலில் காத்திருந்தவர்கள் பேசுவதைக் காதில் வாங்கினார். அவருடைய நாடகங்கள் எல்லாவற்றுக்கும் விதை அந்த மேஜையில்தான் விழுந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு மனுவை வைத்தே அந்த வீட்டில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அந்த வேலையில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

1850இல் அச்சான அவருடைய முதல் பெரிய நாடகம் 'திவால்' என்ற தலைப்பில் எழுதப்பட்டது. தணிக்கைக்குப் பயந்து 'நமக்குள்ளே தானே, கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பொருளில் தலைப்பை மாற்றினார்கள். நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்களே, அதுதான் கதை. பல்ஷோவ் என்ற வியாபாரி தனக்குக் கடன் கொடுத்தவர்களை ஏமாற்ற, நொடித்துப்போனதாக நாடகமாடுகிறான். வீட்டையும் கடைகளையும் தன் கடைச் சிப்பந்தி பெயரில் பினாமியாக எழுதி வைக்கிறான். மகளையும் அவனுக்கே கட்டிக்கொடுக்கிறான். சிறைக்குப் போன பிறகு காவலாளோடு வீட்டுக்கு வந்து கெஞ்சுகிறான். கடன் கொடுத்தவர்கள் ரூபிளுக்கு 25 கோபெக், அதாவது கால் பங்கு, கேட்கிறார்கள், அதைக் கட்டினால் வெளியே வந்துவிடலாம். மருமகன் பத்துக்கு மேல் தர முடியாது என்கிறான். மகளோ, காசை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நான் மறுபடி சீட்டித்துணி கட்டிக்கொண்டு திரியவா என்கிறாள். கடைசியில் மருமகன் பார்வையாளர்களைப் பார்த்துப் பேசுகிறான். புதுக்கடை திறக்கிறோம், சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஒரு வெங்காயம்கூடக் குறையாது என்று. அங்கே திரை விழுகிறது.

நாடகத்தில் நல்லவர் ஒருவர்கூட இல்லை, கெட்டவனுக்குத் தண்டனையும் இல்லை. இது வியாபாரிகளை இழிவுபடுத்துவதாக மேலே புகார் போனது. ஜார் மன்னர் முதலாம் நிக்கோலாய் மேடையேற்றத் தடை விதித்தார். எழுத்தாளர் மேல் போலீஸ் கண்காணிப்பு. 1851இல் வேலையும் போனது. பத்து வருடம் கழித்து, முடிவில் போலீஸ் வந்து மருமகனைப் பிடித்துப்போவது போல மாற்றிய பிறகுதான் நடிக்க விட்டார்கள். எழுதியபடியே மேடையில் வர 1881 ஆகிவிட்டது. இதற்கிடையே, லஞ்சம் வாங்கும் அலுவலகங்களைப் பற்றி 'வருமானமுள்ள பதவி' எழுதினார். வாங்க மாட்டேன் என்று நிற்கும் ஓர் இளம் ஊழியன், மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் பெரியப் பதவியில் இருக்கும் மாமாவிடம் போய் வருமானமுள்ள வேலை கேட்டு நிற்கிறான். அந்த இடத்தைப் படித்த அன்று எனக்கு மேலே படிக்க முடியவில்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த நாடகத்தையும் 1857இல் அரங்கேற வேண்டிய நாளிலேயே நிறுத்தினார்கள்.

ஆனால் அவர் பெயர் நிற்பது 1859இல் மாஸ்கோவின் மாலி தியேட்டரில் அரங்கேறிய 'புயல்' நாடகத்தால். வோல்கா கரையில் கலீனவ் என்ற கற்பனை ஊர். மூன்று வருடம் முன்புதான் கடற்படை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் அவர் வோல்கா மேல்கரை ஊர்களைச் சுற்றிப் பார்த்திருந்தார். நாயகி கத்தெரீனா. மாமியார் கபனீகா.

கணவன் திகோன் வெளியூர் கிளம்பும் காட்சி ஒன்று போதும். பெண்டாட்டிக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போ என்று தாய் நிற்க வைக்கிறாள். மாமியாரை எதிர்த்துப் பேசக் கூடாதென்று சொல், சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதென்று சொல், ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கக் கூடாதென்று சொல். அவள் சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொன்றாகக் கத்தெரீனாவிடம் ஒப்பிக்கிறான். நான் இல்லாதபோது இளவட்டங்களைப் பார்க்கக் கூடாது என்று சொல்லு என்றதும், அம்மா, கடவுளே என்று கூசிப்போகிறான். ஆனாலும் சொல்லிவிடுகிறான். கிளம்பும்போது அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். வெட்கங்கெட்டவளே, காலில் விழு என்கிறாள் மாமியார். அதோடு விடவில்லை. நல்ல பெண்டாட்டி என்றால் புருஷன் போனபின் ஒன்றரை மணி நேரமாவது வாசலில் விழுந்து புலம்ப வேண்டாமா என்று குறை வேறு. அடி இல்லை, உதை இல்லை, வெறும் முறை தவறாமை. அதுதான் அந்தப் பெண்ணை வோல்காவில் தள்ளுகிறது. விமர்சகர் தப்ரல்யூபவ் 1860இல் அவளை 'இருண்ட ராஜ்யத்தில் ஓர் ஒளிக்கதிர்' என்று எழுதினார். பிறகு செக் இசையமைப்பாளர் யானாச்செக் அந்தக் கதையை ஓபராவாக்கி 1921இல் பிர்னோவில் மேடையேற்றினார்.

அதே நாடகத்தில் குலீகின் என்ற கைத்தொழில்காரர் ஊருக்கு இடிதாங்கி வைக்கலாம் என்கிறார். இடி நமக்குத் தண்டனையாக வருகிறது, அதைக் கம்பி நட்டுத் தடுப்பாயா என்று சீறுகிறான் ஊர்ப் பணக்காரன். கத்தெரீனாவின் சாவை மாமியார் மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது என்பதற்கு இந்த ஒரு பேச்சே சாட்சி.

செகாவ் பிறந்தது 1860 ஜனவரியில், 'புயல்' அரங்கேறி இரண்டு மாதம் கழித்து. அவர் எழுத வந்தபோது ரஷ்யச் சாதாரண மனிதர்களின் பேச்சு மேடையில் பழகியிருந்தது. அதைப் பழக்கியது யார் என்றுதான் கட்டுரை கேட்டிருக்க வேண்டும். ஒஸ்திரோவ்ஸ்கி தன் நாடகம் நடக்கும்போது அரங்கில் உட்கார்ந்து பார்க்காமல், மேடைக்குப் பின்னால் நின்று வசனத்தைக் காதால் கேட்பாராம். பேச்சு சரியாக விழுந்தால் போதும், மற்றது தானே வரும் என்ற நம்பிக்கை அது.

இத்தனை எழுதியும் பணக் கஷ்டம் தீரவில்லை. நாடக ஆசிரியர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்டு வாங்க 1874இல் சங்கம் அமைத்தார். மாஸ்கோ அரசு அரங்குகளின் நாடகத் தேர்வுப் பொறுப்பு 1886இல்தான் கைக்கு வந்தது. சில மாதங்களிலேயே, கஸ்திரோமா மாகாணத்தில் ஷெலிகோவோ என்ற தன் பண்ணையில் இறந்துபோனார். கடைசியாகச் செய்துகொண்டிருந்தது ஷேக்ஸ்பியரின் 'ஆன்டனியும் கிளியோபாட்ராவும்' மொழிபெயர்ப்பு. இன்றும் மாலி தியேட்டர் வாசலில், கையில் பேனாவும் நோட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்த சிலையாக இருக்கிறார்.

தயவுசெய்து இவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். இடமில்லை என்றால், திகோன் கிளம்பும் அந்தக் காட்சியை மட்டுமாவது நல்ல தமிழில் போடுங்கள். நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். என் வீட்டில் உள்ளவர்களும் அதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
கும்பகோணம்