பேட்டரியில் அச்சிட்டது 11.1, மீட்டரில் 12.5: உங்கள் ரோபோ போட்டி விதி குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஒரு மாணவியின் தந்தை, மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: உங்களிடம் வாங்கிய ரோபோ கிட்டின் பேட்டரியை உங்கள் போட்டியிலேயே விதிமீறல் என்று தள்ளியது, பதிவைத் திருத்தவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அவள் தோழிகள் இருவரும் தஞ்சாவூரில் நீங்கள் நடத்திய பள்ளி மாணவர் ரோபோ போட்டியில் கலந்துகொண்டார்கள். கிட்டையும் உங்களிடமே 6,850 ரூபாய் கொடுத்து வாங்கினோம். நுழைவுக் கட்டணம் தனியாக 1,200. போட்டிக்கு ஏற்றது என்று கிட் பெட்டியின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டிக்குள் வந்த பேட்டரியைத்தான் உங்கள் சோதனை மேசையில் இருந்தவர் விதிமீறல் என்று எழுதித் தள்ளிவிட்டார்.

உங்கள் விதிக் கையேட்டில் பேட்டரியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ரோபோவில் பயன்படுத்தும் பேட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த நிலையில் 12, யார் எப்படி அளப்பார்கள், பேட்டரி மேல் அச்சிட்டிருப்பதா மீட்டரில் வருவதா என்று ஒரு சொல்கூட இல்லை.

கிட்டில் வந்தது மூன்று செல் லித்தியம் பேட்டரி. செல்லுக்கு 3.7 வோல்ட் என்று கணக்கு வைத்து, மேலே 11.1 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஆனால் முழுசாக சார்ஜ் ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட் காட்டும். மூன்றும் சேர்ந்தால் 12.6. ஓட ஓட அது 11-க்கும் அதற்குக் கீழும் இறங்கிக்கொண்டே வரும். எந்த நிறுவனத்தின் மூன்று செல் பேட்டரியும் அப்படித்தான், உங்களுடையதில் கோளாறு என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் ராத்திரி சார்ஜ் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். உங்கள் சோதகர் மல்டிமீட்டரின் சிவப்புக் குச்சியையும் கறுப்புக் குச்சியையும் பேட்டரி கனெக்டரில் வைத்தார். 12.5 காட்டியது. சோதனைத் தாளை இழுத்து 'விதிமீறல்' என்று எழுதிவிட்டார். என் மகள் பேட்டரியைத் திருப்பி 11.1 என்ற அச்சைக் காட்டினாள். அவர் மீட்டரைக் காட்டினார். இருவர் சொன்னதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். அப்படி அடங்கும்படி விதி எழுதியது நீங்கள்.

பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். நேம் பிளேட்டில் 415 வோல்ட் என்றிருக்கும். குறுவை நேரத்தில் ஊரே மோட்டார் போட்டால் லைனில் 350 வருவதே பெரிய விஷயம்; ராத்திரி லோடு இல்லாதபோது 430-ஐத் தொடும். அதற்காக யாரும் அதைப் பகலில் 350 வோல்ட் மோட்டார், ராத்திரியில் 430 வோல்ட் மோட்டார் என்று சொல்வதில்லை. மேலே எழுதியிருக்கும் பெயரளவு வேறு, மீட்டரில் வரும் அந்த நேரத்து அளவு வேறு. மின்சாரத்தோடு புழங்குகிற எந்தக் கடையிலும் இது தெரியும்.

உங்கள் சோதகர் எடுத்துக்கொண்ட அர்த்தப்படி பார்த்தால், டிராக்டரில் இருக்கிற 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகூடத் தேறாது. நன்றாக சார்ஜ் ஏறி சும்மா வைத்திருந்தால் அது 12.6, 12.7 காட்டும். சரியாக 12.0 காட்டினால் அதில் பாதி சார்ஜ்கூட இல்லை என்று அர்த்தம். அப்படியானால் 12 வோல்ட் பேட்டரி என்று கடையில் விற்கிற எதையும், அது பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் உங்கள் போட்டிக்குக் கொண்டுவர முடியும்.

இதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அணியிடம் இருந்ததும் இதே கிட், இதே பேட்டரி. அவர்கள் காலையில் வெளியே வராந்தாவில் ஒத்திகை ஓட்டியதில் சார்ஜ் இறங்கியிருந்தது. மீட்டர் 11.8 காட்டியது, தேறிவிட்டார்கள். தேறியதில் எனக்கு மகிழ்ச்சிதான், அந்தப் பிள்ளைகள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரே பொருள், காலையில் ஓட்டியிருந்தால் சட்டப்படி சரி, சார்ஜரிலிருந்து எடுத்து நேராகக் கொண்டுவந்தால் குற்றம் என்றால், நீங்கள் அளந்தது ரோபோவை அல்ல. "கொஞ்ச நேரம் மோட்டாரைச் சுற்றவிட்டு இறக்கிட்டு வரட்டுமா சார்?" என்று என் மகளும் கேட்டாள். தாளில் எழுதியாயிற்று, மாற்ற முடியாது என்றார்.

அப்புறம் என்ன செய்வது? அரங்கத்து வாசலில் உங்கள் விற்பனை ஸ்டாலிலேயே இரண்டு செல் பேட்டரி 650 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கி மாட்டினோம். அது பெயரளவில் 7.4 வோல்ட். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த உங்கள் கிட்டில் உள்ள எல்298என் மோட்டார் டிரைவர் தன் பங்குக்குச் சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். 12 வோல்ட் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 6 வோல்ட்டுக்குள்தான். திருப்பத்தில் எந்தச் சக்கரம் எத்தனை மில்லி செகண்ட் சுற்ற வேண்டும் என்று பிள்ளைகள் பழைய பேட்டரியை வைத்துக் கணக்குப் போட்டு புரோகிராம் எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கு முழுக்க வீணாகிவிட்டது. நேர்க்கோட்டில் ரோபோ, தான் பின்தொடர வேண்டிய கறுப்புப் பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு போனது. முதல் திருப்பத்தில் பாதி திரும்பி நின்று, திரும்பவும் தேடிப் பிடித்தது. சாய்வுப் பலகையில் முன்சக்கரம் ஏறியதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. கொடுத்த மூன்று நிமிடமும் அதிலேயே போனது.

இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். கேட்டோம். பதிவு செய்த வாரத்திலேயே உங்கள் வாடிக்கையாளர் சேவை வாட்ஸாப் எண்ணில், கிட் பேட்டரி போட்டிக்குச் சரிதானா என்று என் மகள் கேட்டிருக்கிறாள். எங்கள் கிட்டில் வருவது எல்லாமே விதிக்கு உட்பட்டதுதான் என்று பதில் வந்தது. சோதனை மேசையில் அதைக் காட்டியபோது, விற்பனைப் பிரிவு சொன்னது போட்டிப் பிரிவைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். பணம் வாங்கும்போது ஒரே நிறுவனம், பதில் சொல்லும்போது இரண்டா? அந்த வாட்ஸாப் பதில், பில், சோதனைத் தாள் மூன்றின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

பேட்டரிக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்கிற பொருளுக்கு விதி கட்டாயம் வேண்டும். ஆனால் பாதுகாப்புதான் நோக்கம் என்றால் ஃபியூஸ் இருக்கிறதா, கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, செல் உப்பியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும். கையேட்டிலும் அது இல்லை, மேசையிலும் யாரும் பார்க்கவில்லை.

கையேட்டின் மற்ற வரிகளும் இதே லட்சணம்தான். ரோபோ 30 செ.மீ. நீள அகல உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறீர்கள். பொருளைப் பிடிக்கிற கை ஓடும்போது விரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. ரெடிமேட் கிட் அனுமதி இல்லை என்று ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியவர் தன் நிறுவனம் என்ன விற்கிறது என்று ஒருமுறை கடைக்குப் போய்ப் பார்ப்பது நல்லது.

ஒழுங்காக எழுத முடியாத விஷயமும் இல்லை இது. அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் தொடங்கிய, மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்தும் ஃபர்ஸ்ட் அமைப்பின் விதிகளை மகளின் இயற்பியல் ஆசிரியை எடுத்துக் காட்டினார். அவர்களுடைய டெக் சேலஞ்ச் போட்டியில், ஆட்டம் தொடங்கும் நிலையில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்று எந்த நிலை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். எந்தெந்தப் பேட்டரி செல்லும் என்பதற்குப் பட்டியலே உண்டு. சந்தேகம் வந்தால் அணிகள் எழுதிக் கேட்கலாம். பதில் எல்லா அணிகளுக்கும் தெரியும்படி வரும். நம் ஊர்ப் போட்டிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். அந்தப் பேட்டரி வரியில் 'பெயரளவில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தாலே இந்தக் கடிதம் வந்திருக்காது.

ஒப்பந்தத்தில் ஒரு வரிக்கு இரண்டு பொருள் வந்தால், எழுதியவருக்கு எதிரான பொருளையே எடுத்துக்கொள்வது சட்டத்தில் பழகிய வழக்கம். காப்பீட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் பலமுறை இதைப் பின்பற்றியிருக்கின்றன. விதியும் உங்களுடையது, கிட்டும் உங்களுடையது, மீட்டர் பிடித்த கையும் உங்களுடையது. இதில் சந்தேகத்தின் பலன் பிள்ளைகளுக்குப் போகாமல் வேறு யாருக்குப் போக வேண்டும்?

நான் கேட்பது இவ்வளவுதான். முதலாவதாக, மூவரின் சோதனைத் தாளிலும் சான்றிதழ்ப் பதிவிலும் இருக்கும் 'விதிமீறல்' என்பதை நீக்கி, நிறுவனம் கொடுத்த பேட்டரியையே அணி பயன்படுத்தியது என்று எழுத்தில் தர வேண்டும். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் வேறு போட்டிக்குப் போனால் அந்தத் தாளைத்தான் காட்டியாக வேண்டும். அடுத்து, நுழைவுக் கட்டணம் 1,200 ரூபாயும் ஸ்டாலில் வாங்க வைத்த பேட்டரிக்கான 650 ரூபாயும் திரும்ப வர வேண்டும். கிட்டைத் திருப்பித் தரப் போவதில்லை, அது நல்ல கிட்தான், பிள்ளைகள் அதில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அடுத்த போட்டிக்கு முன்னால் பேட்டரி விதியையும் அளவு விதியையும், எப்போது எப்படி அளப்பீர்கள் என்பதோடு திருத்தி எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். அதுவரை அந்த ஸ்டிக்கரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. தொலைபேசியில் சமாதானம் பேச வேண்டாம். பகலில் கடையில் மோட்டார் ஓடும் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மன்னார்குடி.